ஒரே வரியில் அம்மாக்கண்ணு

1954 பெப்ரவரி 9, ஹட்டன்

டாக்கீஸ்காரருக்கு இன்று அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தோம். படத்தின் பெயர் நீளம். ஒரு வரியில் அடங்கவில்லை. பாதி மேலே, பாதி கீழே. கீழே விழுந்த பாதியைத் தனியாகப் பார்த்தால் வேறொரு படத்தின் பெயர் போல இருந்தது. டாக்கீஸ்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. நான் என்ன செய்ய? முதலாளி தம்பிராசா சென்னையிலிருந்து தருவித்த மர எழுத்துகள் பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொன்றும் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி அகலம். ஒரு 'ண' உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவருக்கு இடமில்லை.

இங்கிலீசில் ஓர் எழுத்து வைத்திருக்கிறோம். நெட்டை, ஒடுக்கம், கட்டிக் கருப்பு. துரைமார் கிளப்பில் நடனம் என்றால் அதில்தான் விளம்பரம் அடிப்போம். எவ்வளவு நீளமான சொல்லும் தோளோடு தோள் நின்று ஒரு வரியில் முடிந்துவிடும். தெருவின் அந்தக் கோடியில் நின்றே படிக்கலாம்.

தமிழுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?

பெப்ரவரி 14

ஞாயிறு. அக்கரப்பத்தனை பஸ்ஸில் போய் அம்மாக்கண்ணு அக்காவைப் பார்த்து வந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்தில் அக்காவின் ஒற்றை அறைக் காம்பராதான் எனக்கு வீடு. அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தது. ஆனால் பேச்செல்லாம் தோட்டத்து மேற்பார்வைக்குப் புதிதாக வந்திருக்கும் கண்டாக்கைப் பற்றித்தான். பால் குடிக்கும் பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் நடுப்பகலில் மலையை விட்டு இறங்கி, குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகக் கூடாதாம். கொழுந்து குறைகிறதாம்.

"பக்கத்துக் காம்பரா வேலாயிக்குப் புள்ள பொறந்து மூணு மாசந்தாண்டா ஆகுது. சாயங்காலம் கூடைய எறக்குறப்ப ரவிக்கையெல்லாம் பாலா நனைஞ்சு கெடக்கு. அங்க புள்ள சீனித் தண்ணியக் குடிச்சிட்டு அழுவுது" என்றது அக்கா.

மச்சான் வீரய்யா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "நமக்கு ஏன் அந்த வம்பு. நம்ம புள்ளைங்க வளந்துருச்சு" என்றார்.

அக்கா குழம்புச் சட்டியை மூடிவிட்டு எழுந்துபோனது. அது பேச்சை அப்படி முடித்தால்தான் எனக்குப் பயம்.

பெப்ரவரி 24

அக்கா உட்கார்ந்துவிட்டது! காலையில் எல்லாரும் பெரட்டுக்கு வந்து ஆள் கணக்குக் கொடுத்து மலைக்குக் கிளம்பும் நேரம். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டதாம். "பால் கொடுக்கப் போகலாம்னு சொல்லுங்க, மலைக்குப் போறோம்." வேலாயி உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லாப் பெண்களும். கண்டாக்கு கத்தினார், கங்காணி கெஞ்சினார், கடைசியில் பெரிய துரையே ஜீப்பில் வந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காம்பராவையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்கே போகும்? இருபது வயதில் அந்த வாசலில் கோலம் போட ஆரம்பித்தது. மச்சான் எங்கே போவார், பிள்ளைங்க எங்க போவும்? ஏன் அக்கா, ஏன் நீ—

இல்லை. வேறு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

மார்ச் 1

தோட்டத்துக்குப் போனேன். பெண்கள் இன்னமும் மலை ஏறவில்லை. மச்சான் துரையிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்கிறார். அக்கா வெளியில் திடமாகத்தான் இருக்கிறது. நான் கிளம்பும்போது மட்டும் வாசல் வரை வந்து, "மன்னிப்புக் கேட்டா வுட்ருவாங்களாடா?" என்று மெதுவாகக் கேட்டது. என் அக்கா அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 5

தொழிற்சங்கச் செயலாளர் செல்லசாமி அண்ணன் அச்சகத்துக்கு வந்தார். 28ஆம் திகதி ஹட்டனில் பொதுக்கூட்டம். சுற்றுவட்டத் தோட்டங்களும் வேலையை நிறுத்தினால்தான் துரை இறங்கி வருவார். கூட்டம் சேராவிட்டால் அக்கா குடும்பம் லயத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். அதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

சுவரொட்டிக்கான வாசகத்தைப் பார்த்தேன். பேச்சாளர் எல்லாரும் ஆண்கள். ஆகக் கீழே, 'பெண் தொழிலாளரும் பேசுவர்.'

"அண்ணே, உக்காந்தது எங்க அக்கா. அது பேரு எங்க?"

"அதான் இருக்கே, பெண் தொழிலாளர்னு."

"பேருங்கண்ணே. கொட்டை எழுத்துல."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சிரித்துவிட்டார். "பொம்பள பேரக் கொட்டை எழுத்துல போட்டா ஆள் வருமாய்யா?"

"கொழுந்து எடுக்கறதே பொம்பளைங்கதானே? அவுங்க வரவேணாமா? இப்ப எந்த மலையில கேட்டாலும் எங்க அக்கா பேச்சுத்தான். அது பேசப் போவுதுன்னு தெரிஞ்சா புள்ளையத் தூக்கிக்கிட்டாவது வருவாங்க."

கொஞ்சம் யோசித்தார். சரி, கோர்த்துக் காட்டு என்றார். சென்னை மர எழுத்தை எடுத்துக் கோர்த்தேன். 'அம்மாக்க' வந்ததும் தாள் முடிந்துவிட்டது.

"பாத்தியா? ரெண்டு வரி குடுக்க எடம் கெடையாது தம்பி. ஒரே வரியில வந்தா போடு. இல்லாட்டி கீழயே கெடக்கட்டும்."

"ஒரே வரியில வருங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 7

காலையிலிருந்து வரைகிறேன். இங்கிலீசு எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அவர்களுக்குச் சுலபம். எழுத்தெல்லாம் குச்சியும் கம்புமாக இருக்கிறது, நெருக்கி நிறுத்தலாம். நமக்கோ எல்லாம் சுழி, வளைவு. பக்கவாட்டில் அமுக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை செத்துப்போகிறது. வெள்ளை செத்தால் எழுத்தும் செத்தது.

ஒன்று மட்டும் பிடிபட்டிருக்கிறது. வட்டத்தை அமுக்கக் கூடாது. வட்டத்தை நிமிர்த்த வேண்டும். நிற்கிற கோடுகள் தடிப்பாக, கிடக்கிற கோடுகள் மெலிதாக. சுழி உருண்டையாக இல்லாமல் நெல் நிற்பது போல நிற்க வேண்டும். 'அ' அப்படி வந்துவிட்டது. 'க' வந்துவிட்டது. ஒல்லிதான். ஆனால் நோஞ்சான் இல்லை. கூடை சுமக்கிற ஒல்லி.

மார்ச் 9

'ண்' இன்றும் படியவில்லை. 'ணு' அதைவிட மோசம்.

மார்ச் 11

வந்துவிட்டது! ண-வின் சுழிகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வரைய வேண்டும் என்று யார் சொன்னது? முதல் சுழியை உயரமாக நிறுத்தி, மற்ற வளைவுகளை அதை ஒட்டி நெருக்கினேன். கண் முதல் சுழியைப் பார்த்ததுமே 'ண' என்று புரிந்துகொள்கிறது. மிச்சத்தைப் படிப்பவர் கண்ணே நிரப்பிவிடும். ணு-வின் வாலைக் கீழே நீட்டாமல் மேலே மடக்கினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன கணேசு, உந்த எழுத்துகள் சாப்பிடேல்லையோ?"

"சாப்பிட்டுட்டுத்தான் நிக்குதுங்க முதலாளி."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்தாலும் மீசைக்குள்தான் சிரிப்பார்.

மார்ச் 14

தேயிலைப் பெட்டி செய்யும் பொன்னையா கொய்யாப் பலகையை ஈய எழுத்தின் உயரத்துக்கே இழைத்துக் கொடுத்தார். வரைந்த தாளைத் திருப்பி ஒட்டி, கண்ணாடியில் தெரிவது போல் வெட்டத் தொடங்கினேன். 'அ' முடிந்தது. 'க', 'க்' முடிந்தன. விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. நன்றாக இருக்கிறது. எழுத்தைச் சொல்கிறேன்.

மார்ச் 17

எல்லா எழுத்தும் வெட்டி முடித்து, அச்சில் ஏற்றி, மை தடவி இழுத்தேன். ஒரே வரி! ஓரத்தில் விரல் அகலம் இடம்கூட மிச்சம். சுவரில் ஒட்டிவிட்டு முதலாளியைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் போய் நின்று படிக்கச் சொன்னேன்.

கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். அங்கிருந்தே உரக்கக் கேட்டார்:

"ஆர் உந்த அப்பாக்கண்ணு?"

ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான். கிட்டே நின்றால் 'ம'. தள்ளி நின்றால் 'ப'. வலது பக்கச் சுழியை நான் நெருக்கியதில் மை போய் அடைத்துக்கொண்டுவிட்டது. எங்க அக்காவ அப்பாவாக்கிட்டேனே!

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால்?

மார்ச் 18

இரண்டு ம-வையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன். ஒரு பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தேன். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்றுதானே நினைத்திருந்தேன்? ம-வுக்கு அது ஒத்துவராது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்து, சுழியை மேலே ஏற்றி, உள் வெள்ளையை நன்றாகத் திறந்துவிட்டேன். மை எவ்வளவு வழிந்தாலும் அந்த வெள்ளை மூடாது. போன இடத்தைத் துணைக்காலிடமும் இரண்டு க-விடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்தேன்.

மறுபடி சுவரில் ஒட்டினேன். முதலாளியை மறுபடி தெருவுக்கு அனுப்பினேன்.

"அம்மாக்கண்ணு" என்றார். அப்புறம் தானாகவே இன்னும் கொஞ்சம் பின்னால் போய், கடைத் தாழ்வாரத்தில் நின்று, "அம்மாக்கண்ணு" என்றார். அங்கிருந்தும் பின்னால் போய் நின்று, "இஞ்ச இருந்தும் அம்மாக்கண்ணுதான் கணேசு!"

மார்ச் 20

செல்லசாமி அண்ணன் வந்து பார்த்தார். தாளை நிமிர்த்திப் பிடித்தார். மேலே 'பொதுக்கூட்டம்'. நடுவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அக்கா பெயர். அதன் கீழே மற்றவர்கள். "எங்க பேரெல்லாம் சுருங்கிப் போச்சேய்யா" என்றார். பிறகு, "அடி. நெறைய அடி" என்றார்.

அச்சில் ஏற்றும் முன் முதலாளியிடம் கேட்டேன், அடியில் அச்சகத்தின் பெயர் வேண்டாமா என்று. துரைமார் வேலையும் எங்களுக்கு வருகிறதே.

"போடாமல் விடாதை. ஒளிச்சு வைக்க நாங்கள் என்ன களவே எடுக்கிறம்?"

மார்ச் 22

ஒரு சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். வாசலில் விரித்தேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து, அ... ம்... மா... என்று போய், பாதியிலேயே விரலை எடுத்துக்கொண்டது.

"எம் பேராடா?"

"உம் பேருதான்."

சந்தோஷப்படும் என்று நினைத்தேன். முகம் இறுகிவிட்டது.

"இம்புட்டுப் பெருசா போட்டுட்டா, இனிமே பின்னால போக முடியாதேடா தம்பி."

அக்காவைக் கேட்காமலேயே செய்துவிட்டேனே. எழுத்து அடங்குமா என்றுதான் பார்த்தேன். அக்காவுக்கு ஒப்புமா என்று கேட்டேனா?

"வேணாம்னா சொல்லுக்கா. எல்லாத்தையும் கிழிச்சிடறேன்."

"எதுக்குக் கிழிக்கணும்?" என்றது. தாளைத் தானே சுருட்டிக்கொண்டு, "மன்னிப்புக் கேக்கலாமான்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு மனசுல. நல்லதாப் போச்சு. இத ஒட்டு, அந்தப் பெரட்டுக் களத்துக்கு எதுத்தாப்புலயே ஒட்டு."

பசை காய்ச்சிக் கொடுத்தவர் மச்சான் வீரய்யா.

மார்ச் 28

எங்கிருந்து எழுதுவது?

விடியும் முன்பே வரத் தொடங்கிவிட்டார்கள். திம்புள்ளப் பக்கத்திலிருந்து குறுக்குப் பாதையாக மலை இறங்கி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெண்கள், பெண்கள், பெண்கள். மைதானம் போதாமல் றோட்டில் நின்றார்கள். அச்சக வாசலில் ஒட்டியிருந்த தாளைத் தொட்டுப் பார்த்து ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அய்யா, இந்த அம்மாக்கண்ணு எந்நேரம் பேசும்?" இது யார் என்று அவள் கேட்கவில்லை.

ஆண்கள் எல்லாரும் நீளமாகப் பேசினார்கள். அக்கா சுருக்கமாகத்தான் பேசியது. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் தள்ளி நின்றே பேசியது. ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"எம் புள்ளைங்க வளந்துருச்சுங்க. எனக்கு இப்ப பாலு குடுக்க வேண்டியதில்ல. ஆனா பாலு கட்டிக்கிட்டு மாரு கல்லு மாதிரி வலிக்கிறப்ப, கொழுந்து கிள்ளிக்கிட்டு நின்னவதான் நானும். அன்னைக்கு எனக்காக யாரும் உக்காரல. எனக்கும் உக்காரத் தெரியல. இப்பத் தெரிஞ்சிருச்சு. நீங்களும் உக்காருங்க."

அவ்வளவுதான். இறங்கிவிட்டது. அப்புறம் எழுந்த சத்தத்தில் ஸ்டேஷனில் நின்ற ரயில்கூடக் கேட்கவில்லை.

நான் ஓரத்தில் நின்று அழுதேன். எழுதி வைக்கிறேன், வெட்கமில்லை.

ஏப்ரல் 8

கூட்டம் முடிந்ததிலிருந்து சுற்றிலும் ஒரு மலையிலும் கொழுந்து எடுக்கவில்லை. துரை சங்கத்தைப் பேச்சுக்குக் கூப்பிட்டார். பால் கொடுக்கும் பெண்கள் இரண்டு வேளை இறங்கிப் போகலாம். அதற்காகக் கூலியில் கை வைக்க மாட்டார்கள். அக்காவுக்கு வேலையும் உண்டு, காம்பராவும் உண்டு.

இரண்டு தோட்டங்கள் எங்கள் அச்சகத்துக்கு இனி வேலை கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டன. முதலாளி ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, "போகட்டும்" என்றார்.

ஏப்ரல் 12

டாக்கீஸ்காரர் வந்தார். "அந்தக் கூட்டத்துக்குப் போட்டீங்களே, அந்த எழுத்துல எனக்கும் வேணும்!" அவர் படத்துக்கு வேண்டிய எழுத்துகளில் பாதி இன்னும் நான் வெட்டவே இல்லை. வெட்டுகிறேன்.

1955 ஜனவரி 30

பத்து மாதத்துக்கு மேலாக வெட்டி வெட்டி, இன்று 'ஔ' வெட்டியதோடு முழு நெடுங்கணக்கும் முடிந்தது. கொம்புகள்தான் உயிரை வாங்கின. முதலாளி இதற்கென்றே தனிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறார்.

1955 ஜூன் 3

இந்த எழுத்தின் குணம் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நாலு சொல் கொடுத்தால் தூண் மாதிரி நிற்கும். நாற்பது சொல் கொடுத்தால் கண்ணைக் குத்தும். பந்தாட்டப் போட்டி, நாடகம், திருவிழா, கூட்டம், 'கால் வைக்காதே, வழுக்கும்' — எல்லாவற்றுக்கும் பிரமாதம். இன்று ஒருவர் மகள் கல்யாணத்துக்கு இதே எழுத்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அடித்துக் காட்டினேன். 'அனைவரும் வருக' என்பது, வராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல இருந்தது. அவரே சிரித்துவிட்டு உருண்டை எழுத்துக்கு மாறிக்கொண்டார். மரண அறிவித்தலுக்கும் இதை நான் தொடுவதில்லை. துக்க வீட்டில் உரக்கப் பேசக் கூடாது.

1957 செப்டம்பர் 19

கண்டியிலிருந்து ஓர் அச்சகக்காரர் வந்தார். நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் எங்கள் சுவரொட்டியைப் பார்த்தாராம். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே முழுக்கப் படித்துவிட்டாராம். இது எந்த ஊர் எழுத்து, சென்னையா, பம்பாயா என்று கேட்டார்.

முதலாளி என்னைக் கை காட்டினார். "உவர் வெட்டினது. ஹட்டன் எழுத்து."

அவர் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். 'ண'வை எடுத்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஒரு தொகுதி வெட்டித் தரச் சம்மதித்திருக்கிறேன். இன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

1960 மே 2

அக்காவைச் சங்கத்தின் மாவட்டக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போக வந்தது. சலவைச் சேலை, காலில் புதுச் செருப்பு. செருப்பு கடிக்கிறது என்று அச்சகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கூட்டத்துக்குப் போனது.

1963 ஓகஸ்ட் 21

மழை. ராகலையிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். குடையைச் சாத்திவிட்டு வாசகத்தை நீட்டினாள். அவர்கள் தோட்டத்துப் பெண்கள் கூட்டம்.

"யாரும்மா பேசறது?"

"நாந்தாங்க."

"பேரு?"

"வீரம்மா."

அவள் நின்றுகொண்டிருக்கும்போதே கோர்த்தேன். நடுவில், ஓரத்திலிருந்து ஓரம் வரை. நீல மையில் ஒன்று இழுத்து, ஈரம் காயாமல் அவள் கையில் கொடுத்தேன். பெயரைப் பார்த்தாள். திகதியைப் பார்த்தாள். இடத்தின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சரியாகக் காட்டினாள். பெயர் அவ்வளவு பெரிதாக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை போலும்.

"நீல மை வேணாங்க. மழையில மங்கலாத் தெரியும். செவப்பு போடுங்க."

சிவப்பு மை கலக்கினேன்.